கிளீட்டஸிடம் மிஞ்சிய சொல்

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கிளீட்டஸ் மலாக்காவில், தம் பாயா ரும்புட் வீட்டுக் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சு அந்தப் பாதிகூட வரவில்லை.

ஐந்தாம் நாள் தாதி ஒருவர் ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். கிளீட்டஸ் வாயைத் திறந்தார். உதடுகள் எதையோ தேடின. பிறகு தெளிவாக, அழுத்தமாக, "கிளியர்" என்றார்.

தாதி சிரித்துக்கொண்டே போய்விட்டார். பக்கத்தில் இருந்த மனைவி பிரிஜிட் அழுதார். கணவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தார். மறுநாளும் அதே சொல்தான் வந்தது. அதற்கு மறுநாளும் அதே. பெயர் என்ன என்று கேட்டால் கிளியர், பசிக்கிறதா என்று கேட்டால் கிளியர், மகள் ரேச்சலின் போட்டோவைக் காட்டி இது யார் என்றால் கிளியர். சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் சொல் கிடைக்கவில்லை என்று மருத்துவர் விளக்கினார். சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சி நின்றுவிடுமாம்.

ஏன் அந்தச் சொல் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கிளீட்டஸ் நாற்பது ஆண்டு லோரி உதவியாளராக வேலை செய்தவர். முதல் இருபத்திரண்டு ஆண்டு அலோர் காஜா பக்கம் சுங்கை பெலிம்பிங் தோட்டத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லோரியில். தோட்டம் விற்கப்பட்ட பிறகு மலாக்கா டவுனில் சிமெண்டும் இரும்பும் விற்கும் கடையின் லோரியில். ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருந்ததால் கனரக லைசன்ஸ் மருத்துவச் சோதனையில் அவர் தேறவே இல்லை. அதனால் கடைசி வரை உதவியாளர்தான். லோரி பின்னால் வரும்போது இறங்கி நின்று, வழி காலியாக இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறையாவது அந்தச் சொல் அவர் வாயிலிருந்து போயிருக்கும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரத்தில், மாதா கோயில் காலண்டரின் பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ரேச்சல் பட்டை பேனாவால் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினார். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் போதும். மூக்கால் சொன்னால் காற்றாடி வேகம் பத்தவில்லை. இரண்டு முறை அடுத்தடுத்துச் சொன்னால் கழிப்பறை, உடனே போகவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், டிவியில் பேசிக்கொண்டிருக்கும் ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை.

ரேச்சலுக்கு முப்பத்துநான்கு வயது. ஆயர் குரோவில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. சுங்கத்துறையில் சரக்குப் பெட்டிகளை விடுவிப்பது அவர் பொறுப்பு.

"நானும் ஆபீஸ்ல நாள் பூரா கிளியர் ஆச்சா, கிளியர் ஆச்சான்னுதான் கத்துறேன்" என்றார் அவர், தாளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே. "எனக்கு அதுக்குச் சம்பளம் தர்றாங்க. அப்பா ஃப்ரீயா செய்றாரு."

"கிளியர்" என்றார் கிளீட்டஸ், சாய்வு நாற்காலியிலிருந்து.

"இது என்ன அர்த்தம் மா?"

"வாய மூடுன்னு அர்த்தம்" என்றார் பிரிஜிட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ரேச்சல் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. "அலாமாக், எவ்ளோ இருக்கு பாரு மா. மேகம் இல்லாத வானம். கட்டி இல்லாத சூப்பு. குத்தம் இல்லாத மனசு. கோர்ட்ல விட்டுட்டா அதுவும் கிளியர். காட்ட அழிச்சாலும் கிளியர். ஹைஜம்ப்ல கம்பிய தொடாம தாண்டினா கிளியர். பேங்க்ல செக்கு போட்டா கிளியர். தொண்டைய செருமினாக்கூட கிளியர்தான் லா."

"சோத்துல உப்பு பத்தலன்னு போட்டிருக்கா?"

"அது இல்ல."

"அப்ப உன் டிக்ஸ்னரி உங்க அப்பாவவிட சின்னது."

கிளீட்டஸ் இடப்பக்கம் மட்டும் சிரித்தார்.

பிரிஜிட் சமையலறைக்குப் போனார். வெங்காயம் நறுக்கும்போது அவருக்கு வேறு கிளியர்கள் ஞாபகம் வந்தன. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து தரும் டிரஸ்ஸரிடம் இரண்டு பெரிய போத்தல்கள் இருக்கும். சிவப்பு மருந்து காய்ச்சலுக்கு. நிறமில்லாதது வயிற்றுக்கு, அதற்குப் பெயரே கிளியர் மருந்து. எந்த நோய் என்று சொல்லாமல் பிள்ளைகள் போய் "கிளியரு குடுங்க" என்று நிற்கும், அது இனிக்கும் என்பதால்.

வாரக் கடைசியில் டிவியில் தமிழ்ப் படம் போடுவார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் டிவி இருந்தது இரண்டு வீட்டில்தான். படம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் புள்ளி புள்ளியாக அடிக்கும். கிளீட்டஸ் தகரக் கூரையில் ஏறி ஏரியல் கம்பத்தைத் திருப்புவார். கூரையிலிருந்து, "கிளியரா?" உள்ளேயிருந்து முப்பது பேர், "இல்ல!" "இப்போ?" "போச்சு, போச்சு, பழையபடி திருப்பு!" ஒருமுறை படம் சுத்தமாக வந்துவிட்டது, ஆனால் அவர் கம்பத்திலிருந்து கையை எடுத்தால் போய்விடுகிறது. "கிளியரு கிளியரு, ஆடாம நில்லு!" என்று கத்திவிட்டு எல்லாரும் படத்தில் மூழ்கிவிட்டார்கள். கதாநாயகியின் கல்யாணம் வரை கிளீட்டஸ் கூரையிலேயே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கியபோது, படம் எப்படி முடிந்தது என்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரிஜிட்தான் சோறு போடும்போது முழுக் கதையையும் சொன்னார்.

பிறகு தொண்ணூற்றொன்பதில் அந்த நோட்டீஸ் வந்தது. லயங்களை மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். தோட்டத்து ஆட்கள் அதை கிளியரிங் என்றார்கள். முதலில் ரப்பரை கிளியர் பண்ணினார்கள், பிறகு செம்பனை, கடைசியில் நம்மை என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னதாக ஞாபகம். அன்று சாமான்களை ஏற்றிக்கொண்டது குலை ஏற்றும் அதே லோரிதான். ஓட்டியது அதன் டிரைவர் மாயாண்டி. கட்டில், சட்டி பானை, மாதா படம், தையல் மெஷின் எல்லாம் ஏறிய பிறகு, லயத்து வாசலில் லோரியைத் திருப்ப இடம் இல்லாமல் பின்னாலேயே எடுத்தார்கள். கிளீட்டஸ் வழக்கம்போல் இறங்கிப் பின்னால் நின்று "கிளியர்" என்றார். மற்ற நாளில் சொல்லும் அதே குரல். பிரிஜிட் லோரியின் முன்னிருக்கையில் ஒன்பது வயது ரேச்சலை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். அந்தக் குரல் கொஞ்சமாவது உடைந்திருந்தால் தமக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவருக்கு அன்று தோன்றியது.

*

பேச்சுப் பயிற்சி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மருத்துவமனை இரண்டாம் மாடியில். பயிற்சி தந்தவர் தேவிஸ்ரீ, இருபத்தெட்டு வயது, ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர். முதல் நாளே அவர் பிரிஜிட்டிடம் கேட்டார்:

"ஆன்டி, அங்கிள் முதல்ல என்ன சொல்லணும்னு நீங்க ஆசப்படுறீங்க? சாப்பாடு, தண்ணி, பாத்ரூம், இப்படி ஏதாச்சும்?"

"அதெல்லாம் எங்களுக்கே புரிஞ்சிருது மா. தாள்ல எழுதி வெச்சிருக்கோம்." பிரிஜிட் கொஞ்சம் யோசித்தார். "என்னையக் கூப்பிட்டா போதும். நான் சமையக்கட்டுல இருப்பேன். இவரு முன் ஹால்ல இருந்து கூப்புடணும். இப்ப ஏதாச்சும் வேணும்னா கரண்டியால கட்டிலத் தட்டுறாரு. பாத்திரம் விழுந்த மாதிரி இருக்கு. ஒரு மனுசன் கூப்பிட்ட மாதிரி இல்ல. வீட்டுல நான் மட்டும் தனியா இருக்கற மாதிரி இருக்கு மா."

தேவிஸ்ரீ எழுதிக்கொண்டார். "வீட்ல அங்கிள் உங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவாரு?"

பிரிஜிட் கைப்பையின் வாரைத் திருகினார். "பிரிஜிட்" என்றார்.

அன்று முதல் அதுதான் பாடம். அட்டையில் பிரிஜிட்டின் போட்டோவை ஒட்டி, கீழே பெயரை எழுதி, தேவிஸ்ரீ தம் உதடுகளைச் சேர்த்துக் காட்டுவார். "ப்... ப்... பிரி..." கிளீட்டஸ் அவர் உதட்டையே பார்ப்பார். நெற்றி வியர்க்கும். கடைசியில், தோற்றுப்போன குரலில், கிளியர் என்பார். வீட்டிலும் தினமும் அரைமணி நேரம் பயிற்சி. பிரிஜிட் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தம் பெயரைத் தாமே சொல்லிக் காட்டுவார். அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒரு நாளும் விடவில்லை.

பன்னிரண்டாவது வாரம் மறுஆய்வு என்று தேவிஸ்ரீ முன்பே சொல்லியிருந்தார். ஒரு புதிய சொல்லாவது வந்திருந்தால் வாராவாரம் பயிற்சி தொடரும். இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். காத்திருப்போர் வரிசை நீளம். "நான் ஒளிக்காம சொல்லிடுறேன் ஆன்டி. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தா பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம்."

பத்தாவது வாரம், ஒரு சாயங்காலம், ரேச்சல் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கதவருகிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. அப்பா உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே."

பிரிஜிட் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"இந்தாம்பாரு. ஏய்ம்பாரு. அதுவும் இல்லன்னா மோட்டார்ல வந்து ரெண்டு தடவ ஹார்ன் அடிப்பாரு, நீ கதவத் தொறப்ப. பிரிஜிட்டுன்னு எப்ப சொன்னாரு?"

"கல்யாணத்துல. சாமியாரு சொல்லச் சொன்னாரு, சொன்னாரு."

"நாப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவயா?"

"எங்க காலத்துல யாரு டி பேரு சொன்னா?"

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட ஏன் மா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? இந்தான்னு கூப்புடுவாரு, ஏய்னு கூப்புடுவாருன்னா? படிச்ச புள்ள. என்னய என்ன நெனைக்கும், இவர என்ன நெனைக்கும்?"

கிளீட்டஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "கிளியர்" என்றார். ஐஸ்பெட்டியில் ஒட்டிய தாளில் அந்தத் தொனிக்கு அர்த்தம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

தேவிஸ்ரீயிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி ரேச்சல் இரண்டு வாரமும் வற்புறுத்தினார். பிரிஜிட் தலையாட்டுவார். வியாழக்கிழமை வந்ததும் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவார்.

*

மறுஆய்வு நாள் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. அன்று பார்த்து ரேச்சலின் கம்பெனிப் பெட்டி ஒன்று பாசிர் கூடாங் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டார். போனில் வாடகைக் கார் பிடித்து வைத்துவிட்டுத்தான் போனார். ஒன்பது மணிக்கு மழை வந்தது. கார் வரவில்லை. ஒன்பதே காலுக்கு, வரமுடியாது என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. வேறு கார் தேடினால் நாற்பது நிமிடம் என்றது.

வீட்டு முகப்பில் கிளீட்டஸின் பழைய வெள்ளை சாகா கார் நின்றது. ரேச்சல் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பார். பிரிஜிட்டிடம் லைசன்ஸ் இருந்தது. ரேச்சல் பல்கலைக்கழகம் சேர்ந்த ஆண்டு, மூன்றாவது முயற்சியில் வாங்கியது. ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். ஆனால் ஓட்டுவதில்லை. கிளீட்டஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்குள் சண்டை வந்துவிடும். அதனால் விட்டுவிட்டார்.

பிரிஜிட் சாவியை எடுத்தார். கைத்தடியும் தம் தோளுமாகக் கிளீட்டஸை நடத்தி வந்து, பின்னிருக்கையில் இடதுபக்கம் உட்காரவைத்தார். முன்னிருக்கையில் அவருடைய வராத காலை நீட்ட இடம் போதாது. பின்னால் காலைக் குறுக்காக நீட்டி, தலையைச் சன்னலை ஒட்டி வைத்துக்கொண்டார்.

காரை முகப்பிலிருந்து பின்னால்தான் எடுக்கவேண்டும். இடதுபக்கம் மூடாத சாக்கடை. எதிர்வீட்டுக் கோமளாவின் மகன் தன் பெரிய வண்டியைத் தெருவில் பாதி அடைத்து நிறுத்திவிட்டு மோட்டாரில் வேலைக்குப் போயிருந்தான். பின்கண்ணாடி முழுக்க மழைநீர். பிரிஜிட் பின்னால் எடுக்கும் கோஸ்தான் கியரைப் போட்டார். கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார். கார் ஒரு முழம் குதித்து நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி நின்றது. நேரம் ஒன்பது இருபத்தைந்து.

"மாதாவே" என்றார் பிரிஜிட், சத்தமாக.

பின்னால் சன்னல் இறங்கும் சத்தம் கேட்டது. கிளீட்டஸ் இடது கையால் பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார். கையை வெளியே விட்டார். தலையையும் மழைக்குள் நீட்டினார். கதவின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.

"கிளியர்."

பிரிஜிட் கிளட்சை மெல்ல விட்டார். கார் நகர்ந்தது.

"வா" என்றது குரல். "வா... வா... வா..."

யாரோ தெருவில் நின்று உதவுகிறார்கள் என்று பிரிஜிட் நினைத்தார். அக்கம்பக்கத்தார் யாராவது இருக்கலாம்.

"ஒடி. ரைட்டு ஒடி. ஒடி ஒடி ஒடி. வா... வா... ஸ்டாப்பு!"

கதவில் ஒரே ஒரு தட்டு. பிரிஜிட் பிரேக்கை மிதித்தார். திரும்பிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை. கோமளா தம் வீட்டுக் கேட்டில் குடையுடன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அக்கா! அண்ணன் பேசுறாரு அக்கா!"

கிளீட்டஸ் கையை உள்ளே இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். முகம் முழுக்கத் தண்ணீர். தாம் எதுவும் புதிதாகச் செய்யாதது போல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வாரமாக அவரை எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தார்கள். நாற்பது ஆண்டும் அவர் பேசியது முதுகோடுதான். டிரைவர் முன்னால், அவர் பின்னால். டிரைவரின் முகம் தெரியாது. பக்கக் கண்ணாடியில் ஒரு கண் தெரிந்தால் அதிகம். கை தட்டும், குரல் தொடரும், லோரி நகரும். இதையெல்லாம் பிரிஜிட் அப்போது யோசிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விட்டால் செத்துப்போவோம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

சாலை முழுவதும் அவர் உதவினார். இடப்பக்கம் மோட்டார் சைக்கிள் வந்தால், "மோட்டாரு, மோட்டாரு." சந்தியில் காத்திருந்தால், வழி காலியானதும், "கிளியர்." அந்த ஒரு காலை நேரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, அதைத் தாளில் பார்க்கத் தேவையில்லை.

*

"ஆன்டி, மூச்சு வாங்குங்க. உக்காந்து சொல்லுங்க" என்றார் தேவிஸ்ரீ.

பிரிஜிட் சொன்னார். தேவிஸ்ரீ ஆவலுடன் கிளீட்டஸின் பக்கம் திரும்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "அங்கிள், வா சொல்லுங்க. வா."

"கிளியர்."

"ஸ்டாப்?"

"கிளியர்."

போட்டோ அட்டையைக் காட்டினார். "ப்... பிரி..."

கிளீட்டஸ் அட்டையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வந்தது. கிளியர் என்பதுகூட வரவில்லை.

தேவிஸ்ரீ அட்டையைக் கீழே வைத்தார். "நான் நம்புறேன் ஆன்டி. ஆனா ஃபாரத்துல நான் காதால கேட்டதத்தான் எழுத முடியும். அதுவும் குடும்பத்துல ஒருத்தரக் கூப்பிடணும்னு இலக்கு வெச்சிருக்கோம். பேர் சொல்லல இல்ல?"

"பேரு சொல்ல மாட்டாரு."

"இன்னும் கொஞ்சம்..."

"இல்ல மா. சொல்லவே மாட்டாரு. சொன்னதே கெடையாது." பிரிஜிட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் பொய் சொல்லிட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தா, ஏய், இல்லன்னா ஹார்னு. உங்க முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவருக்குத் தெரியாத ஒண்ண மூணு மாசமா கேட்டு அவர வதைச்சிட்டேன்."

தேவிஸ்ரீ பேனாவை மூடிவைத்தார். கோபப்படுவார் என்று பிரிஜிட் எதிர்பார்த்தார்.

"எங்க அப்பாவும் அப்படித்தான் ஆன்டி" என்றார் அவர். "எங்கம்மாவக் கூப்பிட கைய மட்டும் தட்டுவாரு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ஆளு பதினோரு மணிக்கு. காரு எங்க இருக்கு?"

மழை தூறலாகியிருந்தது. தேவிஸ்ரீ ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில், பிரிஜிட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளீட்டஸ் பழையபடி பின்னால். சன்னல் இறங்கியது. இரண்டு தட்டு.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தேவிஸ்ரீ தலையைத் திருப்பப் போனார். "திரும்பாதீங்க மா" என்றார் பிரிஜிட். அவரும் திரும்பவில்லை. கோஸ்தான் போட்டு, முன்கண்ணாடி வழியே மருத்துவமனைச் சுவரைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ கேட்பது போல் கேட்டார்: "எடுக்கலாமா?"

"கிளியர். வா... வா... லெப்ட்டு ஒடி. வா..."

தேவிஸ்ரீ எழுதத் தொடங்கினார். கார் பாதி வெளியே வந்திருந்தது. அப்போது துணிமூட்டை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஊழியர் ஒருவர் பின்னால் குறுக்கே வந்தார். பிரிஜிட் அவரைப் பார்க்கவில்லை.

கதவில் பலமாக ஒரு தட்டு.

"டிரைவரே! ஸ்டாப்பு! டிரைவரே!"

பிரிஜிட் பிரேக்கை மிதித்தார். கார் உறுமி நின்றது. ஊழியர் முறைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

தேவிஸ்ரீயின் பேனா நின்றிருந்தது. "ஆன்டி, டிரைவருன்னா..."

"நான்தான்" என்றார் பிரிஜிட்.

லோரியில் யாரும் டிரைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மாயாண்டியைக் கிளீட்டஸ் அப்படித்தான் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரத்திலும், ஒரே போத்தலில் குடிக்கும்போதும், மாயாண்டியின் இறுதிச் சடங்கில் பெட்டியின் தலைமாட்டில் நின்றபோதும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குப் பின்னால் நிற்பவர் தரும் மரியாதை அது. அதில் நம்பிக்கையும் இருந்தது, அதட்டலும் இருந்தது. நாற்பத்தோரு ஆண்டில் பிரிஜிட்டை அவர் மரியாதையாக அழைத்த முதல் அழைப்பு இதுதான் என்று சொன்னால் தவறில்லை.

துணிமூட்டை வண்டி எப்போதோ போய்விட்டது. பிரிஜிட்டின் கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது.

"டிரைவரே" என்றார் கிளீட்டஸ் மறுபடி, இப்போது மெதுவாக, போகலாம் என்பது போல.

தேவிஸ்ரீ ஃபாரத்தில் குடும்பத்தினரை அழைத்தல் என்ற கட்டத்தில் சரி போட்டார். அழைத்த சொல் என்ற இடத்தில், ஒரு கணம் தயங்கி, டிரைவர் என்று எழுதினார். அதற்குக் கீழே, வரும் வியாழன், பத்து மணி.

"ஆன்டி" என்றார், கதவைத் திறந்துகொண்டே, "அடுத்த வாரம் ரேச்சல் அக்கா வேணாம். நீங்களே ஓட்டிட்டு வாங்க."

*

அந்த மாதம் கிறிஸ்துமஸுக்கு முன்பு இன்னும் நான்கு சொற்கள் வந்தன. லோரி, மழை, பள்ளம், பைய. நான்கும் காரில் வந்தவை. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் போய்விடும், பழையபடி கிளியர்தான். சமையலறையிலிருந்து பிரிஜிட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். கரண்டிச் சத்தம்தான் வரும். ஒரே மாதத்தில் எல்லாம் வீட்டுக்குள் வராது, காரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரவேண்டும் என்று தேவிஸ்ரீ சொல்லியிருந்தார்.

அதனால் இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு இருவரும் கிளம்புகிறார்கள். பெட்ரோலுக்கு ரேச்சல் புலம்புவார். "அப்பாவுக்குப் பேச்சு வருதோ இல்லையோ, உனக்கு டிரைவிங் வந்துருச்சு மா." கோமளாவின் மகன் அந்த நேரத்துக்கு முன்பே தன் வண்டியைத் தள்ளி நிறுத்திவிடுவான். அவன் அப்படிச் செய்வதில் பிரிஜிட்டுக்குக் கொஞ்சம் வருத்தம், பின்னாலிருந்து வரும் சொற்கள் குறைகின்றன.

தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில், மீன்பிடிப் படகுகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மண்தரையாக ஒரு வெளி இருக்கிறது. பிரிஜிட் அங்கே காரைக் கடலைப் பார்த்து நிறுத்துவார். கிளீட்டஸ் பின்னிருக்கையில் அவித்த கச்சாங் கடலை தின்பார். இடது கையால் உரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். பேச்சு அதிகம் இருக்காது. சில நாள் பிரிஜிட், முன்னால் கடலைப் பார்த்தபடியே, தோட்டத்துக் கதை எதையாவது சொல்வார். அவர் ஏரியல் கம்பத்தைப் பிடித்து நின்ற கதையைச் சொன்ன அன்று, பின்னாலிருந்து சிரிப்பு வந்தது.

ஏழு மணிக்கு இருட்டத் தொடங்கும் முன் வீடு திரும்பவேண்டும். அந்த வெளியில் எப்போதும் வேறு வண்டி இருக்காது. காரை முன்னாலேயே வட்டமடித்துச் சாலைக்கு ஏற்றிவிடலாம். ஓட்டத் தெரியாதவர்கூட அப்படித்தான் செய்வார். பின்னால் ஒன்றும் இல்லை என்பது கண்ணாடியிலேயே தெரிகிறது.

அன்றும் பிரிஜிட் கோஸ்தான்தான் போட்டார். கிளட்சை மிதித்துக்கொண்டு, திரும்பாமல் காத்திருந்தார்.

இரண்டு தட்டு விழுந்தது. கிளியர் என்றும் வந்தது. அவர் காரை எடுக்கவில்லை.

"டிரைவரே!" என்றது பின்னாலிருந்து, கொஞ்சம் எரிச்சலோடு.